முடிசூடிய நால்வர்: கல்தச்சர்களின் பாதுகாவலர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்தியவர். மிக்ஸியும் கிரைண்டரும் வந்தபிறகு கல்லறைகளுக்குப் பெயர் வெட்டும் வேலைக்கு மாறினார். கல்லறைக் கல் சொல்ல வந்த ஒரு சாமியார்தான், "உங்க தொழிலுக்குன்னே ரோம்ல ஒரு கோயில் இருக்கு தெரியுமா?" என்று அவரிடம் கேட்டார். அப்பாவுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்றிலிருந்து அந்தக் கோயில் மேல் ஒரு பைத்தியம்.

வருடா வருடம் நவம்பரில் இந்தப் புனிதர்களைப் பற்றி யாரிடமாவது சொல்வேன். மறைக்கல்வி வகுப்பு, பட்டறை, கல்யாண வீடு என்று எங்கே சொன்னாலும் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

"முடிசூடிய நால்வர்னா யாருங்க? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

ரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் காலத்தில் (284–305) கிறிஸ்தவர்கள் என்பதற்காகக் கொல்லப்பட்ட மறைசாட்சிகள். லத்தீனில் 'குவாத்துவோர் கொரோனாத்தி' என்பார்கள். சிற்பிகள், கல்தச்சர்கள், கொத்தனார்கள் எல்லோருக்கும் இவர்கள்தான் பாதுகாவலர்கள். தச்சர்களுக்குச் சூசையப்பர் எப்படியோ, கல்லில் வேலை செய்கிறவர்களுக்கு இவர்கள் அப்படி. விழா நவம்பர் 8.

"மறைசாட்சி, வேதசாட்சி, ரத்தசாட்சி... எல்லாம் ஒண்ணுதானா?"

ஒன்றுதான். கிரேக்கத்தில் 'மார்த்திஸ்' என்றால் சாட்சி. உயிரைக் கொடுத்துச் சாட்சி சொன்னவர் என்பதை ஒவ்வொரு சபையும் தன் வழக்கப்படி தமிழாக்கிக்கொண்டது. தேவசகாயம் பிள்ளையை நம் பெரியவர்கள் வேதசாட்சி என்றே சொல்லிப் பழகினார்கள். இப்போது கத்தோலிக்க நூல்களில் மறைசாட்சி என்று வருவதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

"முடின்னா கிரீடமா? அப்போ ராஜாக்களா இவங்க?"

ராஜாக்கள் இல்லை. இறக்கும்வரை உறுதியாக நிற்பவனுக்கு வாழ்வின் முடி கிடைக்கும் என்று திருவெளிப்பாடு 2:10 சொல்கிறது. அந்த முடிதான் இது. மறைசாட்சிகள் எல்லோருக்கும் அது உண்டு. ஆனால் இவர்களுக்கு மட்டும் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அதற்குக் காரணம், கொஞ்ச காலம் இவர்களுடைய சொந்தப் பெயர்கள் தெரியாமல் போனதுதான். எப்படிப் போனது என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

"நால்வர்னு சொல்றீங்க, ஆனா அஞ்சு பேர் படிக்கிறீங்க. எண்ணிக்கை இடிக்குதே?"

இடிக்கத்தான் செய்யும். ஏனென்றால் இவர்கள் உண்மையில் இரண்டு கூட்டம், மொத்தம் ஒன்பது பேர். முதல் கூட்டம் ஐந்து சிற்பிகள்: கிளாடியுஸ், கஸ்தோரியுஸ், சிம்போரியன், நிக்கொஸ்திராத்துஸ், சிம்பிளிசியுஸ். இவர்கள் பன்னோனியா மாநிலத்தில், சாவா ஆற்றங்கரையில் இருந்த சிர்மியும் நகரப் பக்கத்தில் கொல்லப்பட்டவர்கள். அந்த நகரம் இன்றைய செர்பியாவில் ஸ்ரெம்ஸ்கா மித்ரோவித்சா என்ற பெயரில் இருக்கிறது.

இரண்டாவது கூட்டம் ரோம் நகரில் இருந்த நான்கு படைவீரர்கள். அஸ்கிலேப்பியுஸ் என்ற மருத்துவத் தெய்வத்துக்குப் பலி செலுத்த மறுத்ததால், ஈயக்குண்டு கட்டிய சாட்டையால் அடித்தே கொன்றார்கள். அவர்கள் பெயர் தெரியவில்லை. அதனால் சிற்பிகளுடைய பெயர்களைச் சொல்லியே அதே நவம்பர் 8ஆம் நாளில் அவர்களையும் நினைவுகூரும்படி திருத்தந்தை மில்த்தியாதெஸ் ஏற்பாடு செய்தார் என்கிறது மரபு. செவேருஸ், செவேரியானுஸ், கார்ப்பொபோருஸ், விக்தோரினுஸ் என்ற பெயர்கள் பின்னால்தான் வந்து சேர்ந்தன.

ஆக, 'நால்வர்' என்ற எண்ணிக்கை படைவீரர்களுடையது, 'கல்தச்சர்' என்ற தொழில் ஐவருடையது. இரண்டு கதையிலும் அதே பேரரசன், அதே அஸ்கிலேப்பியுஸ், அதே தேதி, இரண்டிலும் ஈயம். கலந்துபோனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

"அந்த அஞ்சு சிற்பிகளோட கதையை முழுசா சொல்லுங்களேன்."

பன்னோனியாவில் ஒரு பெரிய அரசுக் கல்வெட்டாங்குழி. தியோக்கிளேசியனுடைய கட்டடங்களுக்கு அங்கிருந்துதான் கல் போகிறது. அங்கே வேலை செய்தவர்களில் கிளாடியுஸ், கஸ்தோரியுஸ், சிம்போரியன், நிக்கொஸ்திராத்துஸ் நான்கு பேரும் மறைவாகக் கிறிஸ்தவர்கள். சிம்பிளிசியுஸ் அப்படி இல்லை. அவனுடைய உளி அடிக்கடி உடையும், மற்ற நால்வருடையது உடையாது. என்ன ரகசியம் என்று கேட்கிறான். கிளாடியுஸ் அவன் கையிலிருந்த இரும்பை வாங்கி, கிறிஸ்துவின் பெயரைச் சொல்லி, இந்த இரும்பு வேலைக்குத் தாங்கட்டும் என்று வேண்டிக்கொடுக்கிறான். அதற்கப்புறம் சிம்பிளிசியுஸின் உளியும் உடையவில்லை. அங்கேயே கைதியாக இருந்த அந்தியோக்கியா ஆயர் சிரில் அவனுக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறார். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்கு உளியைக் கொண்டு வேதம் சொன்னான் என்பதுதான் கதையிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம்.

இவர்கள் கைத்திறன் பேரரசனுக்குப் பிடித்துவிடுகிறது. இலைவேலைப்பாடு உள்ள தூண்தலைகள், நீர்த்தொட்டிகள், சிங்கம், கழுகு, மான் என்று கேட்டதெல்லாம் செய்து கொடுக்கிறார்கள். அஸ்கிலேப்பியுஸ் சிலை கேட்டபோது மட்டும் செய்யவில்லை. குழியின் மேற்பார்வையாளர்களை, இந்தக் கதையைச் சொல்லும் பழைய நூல் 'தத்துவஞானிகள்' என்று அழைக்கிறது. ஏற்கெனவே பொறாமையில் இருந்த அவர்கள், இவர்கள் கிறிஸ்தவர்கள், மந்திரம் வைத்து வேலை செய்கிறார்கள் என்று கோள் சொல்கிறார்கள்.

பேரரசன் உடனே கொல்லச் சொல்லவில்லை. அந்தச் சிலையை வேறு ஆட்களை வைத்துச் செய்துகொள்கிறான். கோள் நிற்காததால் லம்பாதியுஸ் என்ற அதிகாரியிடம் விசாரணை போகிறது. சூரியதேவனை வணங்குங்கள் என்று அவன் சொல்ல, இவர்கள் மறுக்க, கொடூரமாக அடிக்கிறார்கள். விசாரணை நடக்கும்போதே லம்பாதியுஸ் இருக்கையில் விழுந்து சாகிறான். அவன் வீட்டாரின் கூக்குரல் பேரரசன் காதுக்குப் போகிறது. உடனே ஐவரையும் உயிரோடு ஈயப்பெட்டிகளில் அடைத்து ஆற்றில் எறியச் சொல்கிறான். 42 நாள் கழித்து நிக்கொதேமு என்ற கிறிஸ்தவர் பெட்டிகளை எடுத்துத் தன் வீட்டில் வைத்தார் என்று கதை முடிகிறது.

"உளி உடையறது எல்லாம் ஒரு பெரிய விஷயமா?"

கல்லில் வேலை செய்தவர் இதைக் கேட்க மாட்டார். அப்பாவின் நாளில் பாதி வேலை உளிக்கே போகும். காய்ச்சி, தட்டி, கூராக்கி, பதம் வைக்க வேண்டும். பதம் கூடினால் முனை தெறிக்கும், குறைந்தால் மழுங்கும். அதுவும் கதையில் வரும் கல் வெறும் பளிங்கு இல்லை, போர்பைரி. கருஞ்சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள் தெறித்த மாதிரி இருக்கும் எரிமலைப் பாறை. பளிங்கு வெட்டிய கைக்கு அது இரும்பு மாதிரி.

அந்தக் காலத்தில் போர்பைரி பேரரசனுக்கென்றே இருந்த கல். அசல் போர்பைரி எகிப்தின் கிழக்குப் பாலைவனத்து மலையிலிருந்து வந்தது. தியோக்கிளேசியனும் அவனுடைய கூட்டு அரசர்களும் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்து நிற்கும் போர்பைரிச் சிலை இன்றும் வெனிஸ் புனித மாற்கு பேராலயத்தின் வெளிமூலையில் இருக்கிறது. அந்த முகங்களின் இறுக்கத்தைப் பார்த்தாலே கல் எவ்வளவு முரண்டு பிடித்திருக்கும் என்று தெரியும்.

"சூரியன் சிலையைச் செஞ்சாங்கன்னு படிச்சேன். அதுவும் வேற சாமிதானே? அப்புறம் அஸ்கிலேப்பியுஸ் மட்டும் ஏன் கூடாது?"

கேட்கிற கேள்விகளிலேயே இதுதான் நல்ல கேள்வி. நீங்கள் படித்தது சரி. நான்கு குதிரை பூட்டிய தேரில் நிற்கும் சூரியனை (நம் சூரியனுக்கு ஏழு, ரோமருக்கு நான்கு) இவர்கள் செதுக்கினார்கள். வெற்றித் தேவதைகளையும் குப்பிட் குழந்தைகளையும் செதுக்கினார்கள். கதையை எழுதியவர் அதை மறைக்கவே இல்லை.

இதற்குத் திருச்சபையில் அப்போதே இரண்டு குரல் இருந்தது. 200ஆம் ஆண்டையொட்டி கார்த்தேஜில் வாழ்ந்த தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் சிலைவழிபாடு பற்றி எழுதிய நூலில், சிலை செய்கிறவனுக்கும் வணங்குகிறவனுக்கும் வித்தியாசமே கிடையாது என்கிறார். "எனக்கு வேறு பிழைப்பு இல்லையே" என்று வரும் சிற்பியிடம், மரத்தில் மார்ஸ் தெய்வத்தைச் செதுக்கத் தெரிந்தவனுக்கு ஒரு அலமாரி செய்யத் தெரியாதா என்று கேட்கிறார். அவர் பக்கம் நின்று பார்த்தால் நம் ஐவரும் சூரியன் சிலையிலேயே தோற்றுவிட்டார்கள்.

ஆனால் இவர்கள் கோடு கிழித்த இடம் வேறு. அலங்காரமாகக் கட்டடத்தில் நிற்கப்போகிற உருவம் ஒன்று, கோயிலில் வைத்துப் பலி கொடுக்கப்போகிற உருவம் இன்னொன்று. நான் கதையைப் புரிந்துகொள்வது இப்படித்தான். அதற்கு ஆதாரம் கதைக்குள்ளேயே இருக்கிறது: தாங்களே செதுக்கிய அதே சூரியனை வணங்கச் சொன்னபோது மறுத்து அடி வாங்கினார்கள். கை செய்ததற்குத் தலை குனியவில்லை. தெர்த்துல்லியன் சொல்வது கேட்கச் சுத்தமாக இருக்கலாம். கூலிக்கு வேலை செய்கிறவன் ஒவ்வொரு நாளும் எங்கே நிற்கிறான் என்பது இந்த ஐவரிடம்தான் தெரிகிறது.

"இதெல்லாம் நிஜமா நடந்ததா, இல்ல கட்டுக்கதையா?"

இரண்டும் கலந்தது. 354ஆம் ஆண்டு ரோம் நாட்காட்டியின் மறைசாட்சிகள் பட்டியலிலேயே, நவம்பர் மாதத்தில், கிளாடியுஸ், நிக்கொஸ்திராத்துஸ், செம்ப்ரோனியன் என்ற பெயர்கள் இருக்கின்றன (சிம்போரியன் என்பது இந்தக் கடைசிப் பெயர் திரிந்த வடிவம்). தியோக்கிளேசியன் கிறிஸ்தவர்களுக்கு எதிராக 303இல் ஆணை போட்டதும் வரலாறு.

கதையை எழுதியவர் போர்பிரியுஸ் என்ற வரித்துறை எழுத்தர் என்று நூலே சொல்கிறது. கல்லுடைப்பது, வேலை ஒதுக்குவது, அதிகாரிகளின் படிநிலை பற்றியெல்லாம் அவ்வளவு விவரம் வருவதால், குழியைக் கண்ணால் பார்த்தவர் எழுதியது என்று பல வரலாற்று ஆசிரியர்கள் மதிக்கிறார்கள். அதிகாரி இருக்கையிலேயே செத்து விழுவது போன்ற இடங்கள் புனிதர் கதைகளில் வழக்கமாக வரும் நடை. நான் உளியை நம்புகிறேன், லம்பாதியுஸை வற்புறுத்த மாட்டேன்.

"சிற்பிகள் சரி. செங்கல் அடுக்குற கொத்தனாருக்கு இவங்க எப்படி பாதுகாவலர் ஆனாங்க?"

'அம்மி கொத்தச் சிற்பி எதற்கு' என்று நமக்கொரு பழமொழி உண்டு. இவர்கள் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. தூண், தொட்டி, சிலை எல்லாம் ஒரே கையால் செய்தார்கள். பின்னால் ஐரோப்பாவின் தொழிற்சங்கங்களும் பிரிக்கவில்லை. 1459இல் ரேகன்ஸ்பூர்க் நகரில் கூடிய ஜெர்மானியக் கல்தச்சர்கள் தங்கள் விதிமுறையை மூவொரு கடவுள், மரியா, முடிசூடிய நால்வர் பெயரால்தான் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் பக்தி இன்னும் பழையது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காண்டர்பரி தீப்பிடித்தபோது அங்கே இவர்கள் பெயரில் ஒரு கோயில் இருந்ததைப் பீடு என்ற துறவி எழுதியிருக்கிறார்.

மிக அழகான சாட்சி ஃப்ளோரன்ஸில், ஓர்சான்மிக்கேலே கோயில் சுவரில். கல், மரத் தொழிலாளர் சங்கம் கேட்டு நன்னி தி பாங்கோ என்ற சிற்பி 1410களில் நால்வரையும் ஒரே மாடத்தில் நிற்க வைத்தார். ரோமர் உடையில், ஏதோ ஒரு முடிவைத் தங்களுக்குள் பேசி எடுக்கிற மாதிரி நிற்கிறார்கள். மாடத்தின் கீழே ஒரு சிறு புடைப்புச் சிற்பம். ஒருவர் சுவர் எழுப்புகிறார், ஒருவர் தூணில் துளை போடுகிறார், ஒருவர் அளவு எடுக்கிறார், ஒருவர் குழந்தை உருவம் செதுக்குகிறார். கொத்தனாரில் தொடங்கிச் சிற்பியில் முடிகிறது. உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. மூலச் சிலைகள் இப்போது அதே கட்டடத்தின் மேல்மாடி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, வெளி மாடத்தில் இருப்பது நகல்.

"ரோம் போறோம். அந்தக் கோயில்ல என்ன பார்க்கலாம்?"

சாந்தி குவாத்ரோ கொரோனாத்தி என்று கேளுங்கள். செலியோ குன்றில், கொலோசியத்துக்கும் லாத்தரன் பேராலயத்துக்கும் இடையே, கோட்டை மாதிரி நிற்கும். 9ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை நான்காம் லியோ பெரிதாகக் கட்டியது 1084இல் நார்மன் படை ரோமைச் சூறையாடியபோது எரிந்தது. இரண்டாம் பஸ்கால் 1116இல் கட்டி முடித்த கோயில் பழையதைவிடச் சிறியது. அதனால் உள்ளே போக இரண்டு முற்றங்களைத் தாண்ட வேண்டும். இரண்டாவது முற்றத்தின் சுவரில் பழைய கோயிலின் தூண்கள் புதைந்து நிற்பதைத் தவறவிடாதீர்கள். பீடத்தின் பின்சுவர் மட்டும் பழைய அளவிலேயே இருப்பதால், சின்னப் பையன் அப்பா சட்டையைப் போட்ட மாதிரி கோயிலுக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். மறைசாட்சிகளின் திருப்பண்டங்கள் (உடல் எச்சங்கள்) பீடத்துக்குக் கீழே நிலவறையில்.

அங்கே அகுஸ்தீன் சபைக் கன்னியர் 16ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறார்கள். புனித சில்வெஸ்தர் சிற்றாலயத்தைப் பார்க்க அவர்களிடம் கேளுங்கள். 1240களில் தீட்டிய, பேரரசன் கான்ஸ்தந்தீன் கதை ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. எல்லோரும் ஓவியத்துக்காகப் போவார்கள். நம்மவர்கள் போனால் இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள்: ரோம் பளிங்குத் தொழிலாளர் சங்கத்துக்கு 16ஆம் நூற்றாண்டில் இந்தச் சிற்றாலயம்தான் சொந்த ஆலயமாகக் கொடுக்கப்பட்டது.

"1969ல இவங்களைப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்களாமே. அப்போ இவங்க புனிதர்களே இல்லையா?"

புனிதர்கள்தான். 1969இல் எடுத்தது உலகம் முழுக்கப் பயன்படும் பொது நாட்காட்டியிலிருந்து மட்டும். அந்தந்த ஊரிலும் ஆலயத்திலும் கொண்டாடத் தடை இல்லை. எடுத்ததற்கு ஒரு காரணம் மேலே சொன்ன பெயர்க் குழப்பம். இப்போதைய ரோமை மறைசாட்சியர் நூலில் நவம்பர் 8இல் சிர்மியும் நகரத்து ஐந்து சிற்பிகளும் பெயரோடு இருக்கிறார்கள். எண்ணிக்கையில் நால்வர் ஜெயித்தார்கள், பெயரில் கடைசியில் ஐவர் ஜெயித்திருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்.

"ஃப்ரீமேசன்காரங்களும் இவங்களைக் கொண்டாடுறாங்களே. ஏதாவது மர்மம் இருக்கா?"

மர்மம் இல்லை. இங்கிலாந்தில் 1400ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரு கவிதைச் சுவடி, கல்தச்சர் தொழில் ஒழுங்குகளைச் சொல்லிவிட்டு நடுவில் இந்த நால்வர் கதையைச் சொல்கிறது. அது நிஜமாகக் கல் வெட்டியவர்களுக்கு எழுதியது. கல்லே தொடாதவர்கள் சேர்ந்த ஃப்ரீமேசன் என்ற சகோதர அமைப்பு, 1717இல் லண்டனில் ஒருங்கிணைந்தபோது, பழைய கல்தச்சர் மரபைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது. லண்டனில் அவர்களுடைய வரலாற்று ஆய்வுக் குழு ஒன்று 1880களிலிருந்து இந்த லத்தீன் பெயரிலேயே இயங்குகிறது.

கத்தோலிக்கர் அந்த அமைப்பில் சேரக் கூடாது என்று 1738இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெந்து தடை போட்டார், 1983இல் வத்திக்கான் அதை உறுதிசெய்தது. அந்தத் தடைக்கும் இந்தப் புனிதர்களுக்கும் சம்பந்தம் இல்லை. அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காக நாம் விட்டுவிட வேண்டியதும் இல்லை.

"வீடு கட்டுற தொழிலுக்குத் தோமையார்னு சொல்வாங்களே?"

அதுவும் உண்டு. கொந்தபோருஸ் என்ற இந்திய அரசன் அரண்மனை கட்டத் தந்த பணத்தைத் தோமா ஏழைகளுக்குக் கொடுத்தார், அரண்மனை விண்ணகத்தில் எழுந்தது என்று 'தோமா பணிகள்' என்ற பழைய நூல் சொல்கிறது. அதனால் அவர் கையில் மூலைமட்டம் கொடுத்து வரைவார்கள், கட்டடக் கலைஞர்களுக்குப் பாதுகாவலர் என்பார்கள். மயிலாப்பூரில் அடக்கமானவர் என்ற மரபால் நமக்கு நெருக்கமும் அவரே. வரைபடம் போடுகிறவர் அவரைப் பார்க்கட்டும், உளி பிடிக்கிறவர் இவர்களைப் பார்க்கட்டும் என்பேன். இரண்டு பேரையும் பார்த்தாலும் தவறில்லை.

"நான் கிறிஸ்தவன், சிலை வேலை செய்றேன். கோயிலுக்குச் சாமி சிலை ஆர்டர் வருது. இந்தக் கதையை வச்சுப் பார்த்தா செய்யக் கூடாதா?"

இதை என்னிடம் நேரில் கேட்டவர்கள் உண்டு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு. அதனால் அவசரப்பட்டுப் பதில் சொல்ல மாட்டேன். சூரியன் சிலை பற்றிய பதிலை மறுபடி படியுங்கள். இந்த ஐவரும் எல்லாவற்றுக்கும் 'கூடாது' என்று சொல்லவில்லை, ஓர் இடத்தில் மட்டும் சொன்னார்கள். அந்த இடத்தைத் தங்கள் மனச்சாட்சியில் கண்டுபிடித்தார்கள். உங்கள் இடம் எது என்று உங்கள் பங்குச் சாமியாரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

ஒன்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். அவர்கள் மறுத்தது தங்கள் கை வேலையை மட்டும்தான். வேறு ஆட்கள் அஸ்கிலேப்பியுஸைச் செய்து முடித்தபோது போய் உடைக்கவில்லை, செய்தவர்களைத் திட்டவும் இல்லை. பக்கத்துப் பட்டறையில் பிள்ளையார் செதுக்குகிற நண்பரை இழிவாகப் பேச இந்தக் கதையில் ஒரு வரிகூட இடம் கொடுக்காது.

"இந்துக்களுக்கு ஆயுத பூஜை இருக்கிற மாதிரி, நவம்பர் 8க்கு ஏதாவது சடங்கு உண்டா?"

கட்டாயச் சடங்கு எதுவும் கிடையாது. விருப்பப்பட்டால் கருவிகளைக் கோயிலுக்கு எடுத்துப் போய் சாமியாரிடம் மந்திரிக்கச் சொல்லலாம், தொழில் கருவிகளுக்கான ஆசியுரை திருச்சபையின் ஆசியுரை நூலிலேயே இருக்கிறது.

நான் செய்வது இதைவிடச் சின்னது. அப்பாவின் உளிகளில் ஏழு இன்னும் வீட்டில் இருக்கின்றன. அன்று காலையில் துரு துடைத்து, எண்ணெய் தொட்டு, ஒவ்வொன்றிலும் சிலுவை அடையாளம் போட்டு, கிளாடியுஸ் சிம்பிளிசியுஸுக்காக வேண்டியதையே வேண்டுவேன்: இந்த இரும்பு வேலைக்குத் தாங்கட்டும்.